தோட்டத்தில் உட்கார ஓர் இடம்: மரத்தடியா, பந்தலா, கல் பெஞ்சா?

வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மண் மிச்சம் இருக்கிறது. அங்கே மாலையில் நாலு பேர் உட்கார்ந்து காபி குடிக்க ஓர் இடம் அமைக்க வேண்டும். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் பலருக்கும் இந்த ஆசை உண்டு. ஆனால் பெரும்பாலானவர்கள் கடைக்குப் போய் பெஞ்சு பார்ப்பதிலிருந்துதான் வேலையைத் தொடங்குகிறார்கள். பெஞ்சு வந்து இறங்கிய பிறகு காலி இடம் எதுவோ அங்கே போடுகிறார்கள். சித்திரை பிறந்ததும் அந்தப் பெஞ்சில் காக்கை மட்டும்தான் உட்காரும்.

பெஞ்சைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: எத்தனை மணிக்கு அங்கே உட்காரப் போகிறீர்கள்? காலை ஆறு மணிக்குப் பேப்பர் படிக்கவா, பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் நாலரை மணிக்கா, சாப்பிட்ட பிறகு இரவு எட்டு மணிக்கா? இந்த மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு இடங்கள் பொருந்தும். ஒரே இடம் மூன்றுக்கும் பொருந்த வேண்டுமானால் செலவு கூடும்.

வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது

ஏப்ரல், மே மாதங்களில் 38, 39 டிகிரி என்பது நம் ஊர்களுக்குப் பழகிப்போன வெயில். உச்சி வெயிலில் யாரும் வெளியே உட்காரப் போவதில்லை, ஆகையால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம். உட்காரும் நேரத்தைக் கெடுப்பது மேற்கு வெயில். நாலு மணிக்கு மேல் சாய்வாக வந்து முகத்தில் அடிக்கிற அந்த வெயிலை எது தடுக்கிறதோ, அதுதான் நல்ல இடம்.

எளிய கணக்கு ஒன்று. நம் ஊர் 12 டிகிரி அட்சரேகையை ஒட்டி இருக்கிறது. ஏப்ரலில் மாலை 4 மணிக்கு சூரியன் அடிவானத்துக்கு மேலே சுமார் 35 டிகிரி உயரத்தில் நிற்கும். அப்போது 10 அடி உயரச் சுவர் கிழக்குப் பக்கம் ஏறக்குறைய 14 அடிக்கு நிழல் போடும். கைப்பிடிச் சுவரோடு சேர்த்து உங்கள் மாடி விளிம்பு 14 அடி உயரம் என்றால் 20 அடிக்கு நிழல். அதாவது வீட்டுக்குக் கிழக்கே இருக்கும் இடம் மாலையில் தானாகவே நிழலாகிவிடுகிறது. எந்தக் கூரையும் வேண்டாம், எந்தச் செலவும் வேண்டாம். காலையில் வெயில் விழும் இடமும் அதுவே என்பதால், காலையில் பேப்பர் படிக்கிறவருக்கு வீட்டின் மேற்குப் பக்கம் நல்லது.

கிழக்குப் பார்த்த வீடு என்றால் வாசலிலேயே மாலை இடம் அமைந்துவிடும். தெருவில் போகிறவர்கள் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். அது வேண்டும் என்பவர்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. மேற்குப் பார்த்த வீடு என்றால் பின்கட்டுதான் உங்கள் மாலை இடம். துணி காயப்போடும் கம்பி, பாத்திரம் தேய்க்கும் கல், சமையலறைக் கழிவுநீர் போகும் வழி எல்லாம் அங்கேதான் இருக்கும். அவற்றை ஒரு மூலைக்கு ஒதுக்கும் வேலை முதலில் வரும். மொட்டைமாடியைச் சிலர் கேட்கிறார்கள். பகலெல்லாம் வெயிலைக் குடித்த தளம் இரவு ஒன்பது மணி வரை அதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். தோட்டம் இருக்கும்போது மாடி எதற்கு?

வீட்டு நிழல் கிடைக்காத இடத்தில் உட்கார வேண்டும் என்றால் நிழலை நாமே உண்டாக்க வேண்டும். இங்கேதான் உண்மையான தேர்வு வருகிறது.

மரத்தடி

ஏற்கெனவே ஒரு மரம் நிற்கிறது என்றால் அதையே முதலில் பாருங்கள். நம் பக்கம் அது பெரும்பாலும் மாமரமாக இருக்கும். சந்தூர் நாற்றுப் பண்ணைகளிலிருந்து வாங்கி வந்த ஒட்டு மாங்கன்று வீட்டுக்கு ஒன்றாவது நிற்கும். மாமர நிழலுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அது ஆண்டு முழுவதும் இலை வைத்திருக்கும்; இலைகள் அடர்த்தியாக இருக்கும்; கிளைகள் பக்கவாட்டில் பரவித் தாழ்ந்து தொங்கும். அந்தத் தாழ்வான கிளைகள்தான் மேற்கு வெயிலை மறிக்கின்றன. ஆகவே உட்கார இடம் செய்கிறேன் என்று மரத்தைச் சுற்றிலும் கழித்துவிடாதீர்கள். ஆள் நுழைவதற்குக் கிழக்குப் பக்கம் மட்டும், அதுவும் காய் பறித்து முடிந்த பிறகு, ஆறரை அடி உயரம் வரை கவாத்து செய்தால் போதும். மேற்குக் கிளைகள் தரையைத் தொட்டாலும் தொடட்டும்.

மாமரத்துக்குச் சில தொல்லைகளும் உண்டு. தை, மாசியில் பூக்கும்போது தத்துப்பூச்சி வந்தால் இலையிலிருந்து பிசுபிசுவென்று ஒரு நீர் சொட்டும். நாற்காலி, தரை, தலை எல்லாவற்றிலும் ஒட்டும். பிறகு அதன்மேல் கரும்பூசணம் படரும். இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு வந்துவிட்டால் குழந்தைகளை அங்கே உட்கார வைக்க முடியாது. காய்ப் பால் தோலில் பட்டால் புண்ணாகும். கோடை மழைக்கு முன்னால் அடிக்கிற சூறைக்காற்றில் காய்கள் கொட்டும். பெங்களூரா மாதிரி கனத்த காய் தலையில் விழுவது சின்ன விஷயம் இல்லை. இத்தனையும் சேர்த்தாலும் ஆண்டில் இரண்டு மூன்று மாதத் தொல்லைதான். மீதி மாதங்களுக்கு அந்த நிழலுக்கு ஈடு கிடையாது.

வேப்பமரம் காற்றோட்டமான நிழல் தரும், பூச்சித் தொல்லையும் குறைவு. மாசி, பங்குனியில் இலை கொட்டும். ஆனி வாக்கில் பழம் விழுந்து தரை வழுக்கும். தினம் ஒரு முறை பெருக்கத் தயார் என்றால் வேம்பு அருமையான துணை. புங்கமரம் இளவேனிலில் சில நாட்கள் இலையுதிர்த்து, வெயில் ஏறும்போது புதுத் தளிரோடு நிற்கும். கன்று வைத்து மூன்று நான்கு ஆண்டுகளில் அடியில் ஒரு நாற்காலி போடலாம் என்ற நிலை வரும், தண்ணீரும் அதிகம் கேட்காது. புதிதாக மரம் வைக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது புங்கன்தான். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் சிங்கப்பூர் செர்ரி வைக்கலாம். இரண்டே ஆண்டில் குடைபோல விரியும், நாள் முழுக்கக் குருவிகள் வரும். ஆனால் கிளை வலுவில்லை. அதில் தூரி (கயிற்று ஊஞ்சல்) கட்டக் கூடாது. முருங்கையடியில் இடம் போட வேண்டாம்: நிழல் மெல்லியது, மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி கூட்டமாக இறங்கும். புளியமரம் இருக்கிற தோட்டமானால் நல்ல கனத்த நிழல் உண்டு. அதன் அடியில் செடி எதுவும் எளிதில் வராது, வெறும் மண்தான் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

எந்த மரமானாலும் அதன் அடியை வட்டமாகச் சிமெண்டு பூசி மூடாதீர்கள். வேருக்குக் காற்றும் தண்ணீரும் போக வேண்டும். அடிமரத்திலிருந்து மூன்றடியாவது மண்ணாகவே விடுங்கள். மேடை கட்டுகிறேன் என்று அடிமரத்தின்மேல் மண்ணைக் குவிப்பதும் பட்டையை அழுக வைக்கும்.

பந்தல்

மரம் இல்லாதவர்களுக்குப் பந்தல். நம் ஊரில் பந்தல் போடுவதற்கு ஒரு வசதி இருக்கிறது, வேறு மாவட்டத்துக்காரர்களுக்கு அது அவ்வளவு எளிதில் கிடைக்காது: கல்தூண். திராட்சைப் பந்தலுக்கும் வேலிக்கும் நடுகிற அதே தூண். பத்தடித் தூணை இரண்டடி மண்ணில் புதைத்தால் எட்டடி உயரப் பந்தல். நான்கு தூண், மேலே குறுக்கும் நெடுக்குமாக ஓரடிக்கு ஒன்றாகக் கட்டுக்கம்பி. கரையான் அரிக்காது, துரு ஏறாது, வண்ணம் பூச வேண்டாம். இரும்புக் குழாய் வேண்டும் என்பவர்கள் துத்தநாகம் பூசிய குழாயாக வாங்கி, அடியைக் கான்கிரீட்டில் நிறுத்தட்டும். சவுக்குக் கம்பம் மலிவு. செம்மண்ணில் இரண்டு மூன்று மழைக்காலத்துக்குப் பிறகு அடி உளுத்துவிடும்.

ஆனால் பந்தலில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. மாலை 5 மணிக்கு சூரியன் சுமார் 21 டிகிரி உயரத்துக்கு இறங்கிவிடும். எட்டடி உயரப் பந்தலின் நிழல் அப்போது ஏறக்குறைய 20 அடி தள்ளிக் கிழக்கே விழும். பந்தல் பத்தடி அகலம்தான் என்றால், நீங்கள் பந்தலுக்கு அடியில் வெயிலில் உட்கார்ந்திருப்பீர்கள். நிழல் பக்கத்துக் காம்பவுண்டில் இருக்கும்! பந்தல் மதியத்துக்கு நிழல், மாலைக்கு அல்ல. ஆகையால் மேற்குப் பக்கம் இரண்டு தூண்களுக்கு நடுவிலும் தரையிலிருந்து மேல்வரை கம்பி இழுத்து, கொடியை அங்கே சுவர்போல ஏற்ற வேண்டும். கூரையும் மேற்குச் சுவரும் சேர்ந்தால்தான் அது உட்காரும் பந்தல். ஷேட் நெட்டுக்கும், தகரக் கூரைக்கும், கடையில் விற்கும் பெரிய குடைக்கும் இதே கணக்குதான்.

என்ன கொடி? அவரைப் பந்தல் அழகு. ஆடிப் பட்டத்தில் ஊன்றினால் மார்கழி, தையில் காய்த்துக் குலுங்கும், பொங்கலுக்குக் கூட்டுக்கும் ஆகும். ஆனால் நிழல் அவசியமான பங்குனி, சித்திரையில் கொடி காய்ந்து பந்தல் மொட்டையாக நிற்கும். பாகல், புடலை, பீர்க்கனும் சில மாதப் பயிர்தான். காய்க்காகப் பந்தல் போடுங்கள். உட்காருவதற்கான பந்தலை அவற்றை நம்பிப் போடாதீர்கள். திராட்சைக்குக் கவாத்து, மருந்து, பறவைக் காவல் என்று வேலை ஓயாது, கவாத்துக்குப் பிறகு சில வாரம் வெறுங்கொடிதான்.

ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்க ரங்கூன் மல்லி நல்லது. மாலையில் வெள்ளையாகப் பூத்து, மறுநாள் இளஞ்சிவப்பாகி, பிறகு சிவக்கும். ஒரே கொத்தில் மூன்று நிறமும் தெரியும். வாசனை சாயங்காலம்தான் ஏறும், நாம் உட்காரும் அதே நேரம். வேகமாக வளரும் என்பதால் ஆண்டுக்கு இரண்டு முறையாவது வெட்டிவிட வேண்டும். மேற்குச் சுவருக்குக் கர்ட்டன் கிரீப்பர் இன்னும் பொருத்தம். பூ இல்லாவிட்டாலும் திரைபோலத் தொங்கும், தண்ணீர் குறைவாகப் போதும். முல்லைக்கு வாசனை உண்டு, அடர்த்தி குறைவு. காகிதப்பூ வறட்சியைத் தாங்கும். முள் இருப்பதால் குழந்தைகள் தலைக்கு மேலே வேண்டாம், வேலியோரம் இருக்கட்டும்.

கொடி மேலே ஏறி நிழல் தர ஓராண்டாவது ஆகும். அதுவரை அதே கம்பியின்மேல் 50 சதவீத நிழல்வலையையோ தென்னங்கீற்றையோ போட்டுக்கொள்ளலாம். வலையை மட்டுமே நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். வைத்துக்கொள்ளலாம், வெயிலுக்கு நிழல்தான். ஆனால் அடியில் இருக்கும் காற்றை வலை குளிர்விக்காது, இலை குளிர்விக்கும். ஆடிக் காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளும், சில ஆண்டுகளில் கிழியும். கீற்று மிகவும் குளிர்ச்சி, ஓரிரு ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பாலக்கோடு, அரூர்ப் பக்கம் கரும்புத் தோகையும் கிடைக்கிறது. அடுப்பு, பட்டாசு, சிகரெட் நெருப்பு எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. தகர ஷீட்டை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அதன் அடியில் உட்காருவதைவிட வீட்டுக்குள் விசிறி போட்டு உட்காரலாம். மழையிலும் உட்கார வேண்டும் என்பவர்களுக்கு ஓட்டுக் கூரை இருக்கிறது. செலவு கூடுதல், ஐப்பசி மழையில் அங்கே உட்கார்ந்து பார்த்தால் அந்தச் செலவு நினைவுக்கு வராது.

எதன்மேல் உட்காருவது

நிழல் முடிவான பிறகுதான் இருக்கை. இந்த வரிசை மாறினால் இருக்கையின் குணமே மாறிவிடும். அதற்குக் கல் பெஞ்சு நல்ல உதாரணம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கல்லைவிட மலிவாகவும் நிலையாகவும் வேறு என்ன இருக்கிறது? பர்கூர், ஜெகதேவிப் பக்கம் கிரானைட் அறுக்கும் இடங்களில் ஏற்றுமதிக்குத் தேறாத துண்டுப் பலகைகள் கிடைக்கும். மல்லச்சந்திரத்தில் பெருங்கற்கால மக்கள் கற்பலகைகளை நட்டு, அவற்றின்மேல் ஒரு பெரும் பலகையை ஏற்றிவைத்திருக்கிறார்கள். கான்கிரீட்டும் கம்பியும் இல்லாமல் இன்றும் நிற்கின்றன. கல் பெஞ்சுக்கும் அதே முறை போதும். 5 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அங்குலக் கனம் உள்ள பலகை சுமார் 95 கிலோ எடை வரும். 28 அங்குல உயரமுள்ள இரண்டு தாங்கு கற்களை ஓரடி மண்ணில் புதைத்தால் 16 அங்குலம் மேலே நிற்கும். பலகையோடு சேர்த்து இருக்கை உயரம் 18 அங்குலம். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் எழுந்திருக்க அந்த உயரம் வசதி. தாங்கு கற்களை இரு முனையிலிருந்தும் ஓரடி உள்ளே தள்ளி வைத்தால் நடுவில் மூன்றடிதான் தொங்கும், மூன்று பேர் உட்கார்ந்தாலும் பயமில்லை. தூக்கி வைக்க நான்கு ஆள் வேண்டும். வைத்த பிறகு நகர்த்த முடியாது. ஆகவே முதலில் அதே இடத்தில் ஒரு மரப் பெஞ்சையோ நாற்காலியையோ போட்டு ஒரு வாரம் வெவ்வேறு நேரத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

இந்தக் கல் நிழலில் இருந்தால் கோடையில் சொர்க்கம். மேற்கு வெயிலில் இருந்தால் தோசைக்கல். கல் வெயிலை உள்வாங்கி மெதுவாக விடும். மூன்று மணி வெயில் பட்ட கறுப்புப் பலகையில் ஏழு மணிக்குக்கூட உட்கார முடியாது. ஆகையால் மரத்தடிக்கும் வீட்டின் கிழக்குப் பக்கத்துக்கும் கல் பெஞ்சு. திறந்த வெளிக்கு வேண்டாம். நிறத்திலும் சாம்பல் நிறக் கல்லாகப் பாருங்கள். பளபளப்பாக மெருகேற்றிய கறுப்பு கிரானைட் கண்ணுக்கு அழகு, ஆனால் போர்வெல் தண்ணீர் தெறித்தால் வெள்ளை உப்புத் தடம் படிந்து நிற்கும், மழையில் வழுக்கும். மேற்பரப்பைக் கொத்திவிட்ட கல்லுக்கு இந்தத் தொல்லை இல்லை. கல்லை வெறுமனே அடுக்கி இடைவெளி விட்டால் தேள் குடியேறும். தாங்கு கல்லைச் சுற்றி மண்ணை நன்றாகக் கெட்டிக்க வேண்டும். சாய்மானம் இல்லாதது கல் பெஞ்சின் பெரிய குறை. அரை மணி நேரத்துக்கு மேல் பெரியவர்கள் உட்கார மாட்டார்கள். சுவரையோ மரத்தையோ ஒட்டிப் போட்டால் அதுவும் தீரும்.

அதற்கு அடுத்து நான் மதிப்பது திண்ணை. வீட்டின் கிழக்குச் சுவரை ஒட்டி, செங்கல்லில் 18 அங்குல உயரம், இரண்டடிக்குக் குறையாத அகலம். அகலத்தில் சிக்கனம் பிடிக்காதீர்கள். சம்மணம் போட்டு உட்காரவும், மதியம் ஒருவர் படுக்கவும், பூக்கட்டவும், புளி கொட்டை எடுக்கவும் இடம் வேண்டும். ஒரு முனையில் சாய்வாகத் தலைமாடு கட்டிவிட்டால் இன்னும் நல்லது. மேலே சிவப்புக் காவி பூசினால் உட்கார இதமாக இருக்கும். வீடு கட்டும்போதே சேர்த்துக் கட்டினால் செலவு தெரியாது. பிறகு கட்டினால் சுவரோரம் மழைத்தண்ணீர் தேங்காமல் வாட்டம் பார்த்துக் கட்ட வேண்டும். கல் பெஞ்சில் மூன்று பேர் வரிசையாக உட்காரலாம். திண்ணையில் நாலு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசலாம். எனக்கு இந்த வித்தியாசம் பெரியது.

மர இருக்கைகளில் தேக்கும் வேங்கையும் வெளியில் தாங்கும். பழைய வீடு இடித்த மரம் விற்கிற இடத்தில் உத்திரம், தூண் வாங்கிப் பெஞ்சு அடிக்கலாம். நன்றாக உலர்ந்த மரம், முறுக்கிக்கொள்ளாது. மாந்தோப்பு அழிக்கிறவர்களிடம் மாம்பலகை மலிவாகக் கிடைக்கிறதே என்று அதில் பெஞ்சு செய்யாதீர்கள். வெளியே மழையும் பூச்சியும் சீக்கிரம் தின்றுவிடும். மூங்கில் பார்க்க இதமானது. பதப்படுத்தாத மூங்கிலை வண்டு துளைத்து மாவாகக் கொட்டும், போராக்ஸ் கரைசலில் ஊறவைத்துப் பதப்படுத்தியதைக் கேட்டு வாங்குங்கள். எந்த மர இருக்கைக்கும் கால் நேராக மண்ணில் படாமல் கீழே ஒரு கல் துண்டு வைப்பது கரையானுக்கு நல்ல தடுப்பு.

வார்ப்பிரும்பு, செயற்கைப் பிரம்பு இரண்டும் படத்தில்தான் அழகு. முன்னது வெயிலில் சுடும், மழையில் துருப்பிடிக்கும். பின்னது வெயிலில் சில ஆண்டுகளில் வெடித்து நார் நாராகும். பிளாஸ்டிக் நாற்காலியை இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். விருந்தினர் வந்தால் எடுத்துப் போட்டு, போனால் அடுக்கிவைக்க அதுபோல் வசதி எதுவும் இல்லை.

ஊஞ்சல் ஆசை எல்லோருக்கும் உண்டு. நாலடிப் பலகைக்கு முன்னும் பின்னும் மூன்றடியாவது காலி இடம் விட வேண்டும். பலகையின் அகலத்தோடு சேர்த்தால் ஓர் ஊஞ்சல் முன்னும் பின்னுமாக மட்டும் ஏறக்குறைய எட்டடி இடத்தை எடுத்துக்கொள்ளும், அதில் உட்காரப்போவது இரண்டு பேர். ஒட்டு மாமரக் கிளையில் கட்டாதீர்கள். பந்தலின் கம்பியிலும் வேண்டாம். தூணுக்குத் தூண் கனமான குழாய் போட்டுத் தனிக் கொக்கி மாட்டுங்கள். இடம் நிறைய இருக்கிற தோட்டத்து வீட்டில் புளியமரக் கிளையில் தூரி கட்டினால் ஆடிப்பெருக்குக்கு மட்டுமல்ல, ஆண்டு முழுக்கப் பிள்ளைகள் அங்கேதான்.

இன்னொன்றைச் சொல்லாவிட்டால் இந்த ஒப்பீடு முழுமையாகாது: கயிற்றுக் கட்டில். காலை மேற்கே, மாலை கிழக்கே என்று நிழல் போகிற பக்கம் தூக்கிப் போடலாம். கயிற்றின் இடைவெளி வழியாகக் காற்று முதுகுக்கு வரும். நாலு பேர் உட்காரலாம், இரவில் ஒருவர் படுக்கலாம். வேண்டாதபோது எடுத்துத் தாழ்வாரத்தில் சாய்த்து வைத்துவிட்டால் மழைக் கவலை இல்லை. வாடகை வீட்டுக்காரர்களுக்கு வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன்.

தரையும் மாலை நேரத் தொல்லைகளும்

தரைக்குப் புல் வேண்டாம். ஒகேனக்கல் குடிநீர் வரும் நாளை எண்ணிக் குடம் நிறைக்கிற ஊரில், போர்வெல் ஆழம் ஆண்டுக்காண்டு கூடுகிற ஊரில், புல்தரைக்குத் தண்ணீர் விடுவது எனக்கு மனம் ஒப்பாத காரியம். முழுக்கச் சிமெண்டும் பேவர் பிளாக்கும் வெயிலை ஏற்றி மாலையைக் கெடுக்கும். கல் பலகைகளை இரண்டு மூன்று அங்குல இடைவெளி விட்டுப் பதித்து, இடையில் மண் போடுங்கள். மழைத்தண்ணீர் இறங்கும், காய்கறி கழுவிய தண்ணீரை மாலையில் தெளித்தால் குளிர்ந்துவிடும். நாலு பேர் சுற்றி உட்காரப் பத்தடிக்குப் பத்தடி தாராளம், எட்டடிக்கு எட்டடி போதும்.

கொசுவுக்கு முதல் மருந்து விசிறி. கொசு பறப்பதில் வலுவில்லாதது. காற்று அடிக்கும் இடத்தில் வந்து உட்கார முடியாது. ஒரு மேசை விசிறிக்கு வெளியே ஒரு பிளக் பாயிண்ட் வையுங்கள். மழை படாத மூடியோடு, மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாக வந்த இணைப்பாக இருக்கட்டும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், டெங்குக் கொசு அங்கேதான் முட்டையிடும். விளக்கு மஞ்சள் ஒளியாக இருந்தால் பூச்சி குறைவாக வரும். பூச்சி வந்தால் தவளை வரும், தவளைக்குப் பாம்பு வரும். ஆகவே இருக்கைக்குப் பின்னால் ஓரடியாவது வெறும் தரையாக, டார்ச் அடித்தால் தெரியும்படி இருக்கட்டும். அடர்ந்த குரோட்டன்ஸ் புதரை முதுகுப் பக்கம் வைக்க வேண்டாம்.

யாருக்கு எது

நகரத்தில் மூன்று நான்கு சென்ட் வீடு என்றால் மரத்துக்கும் பந்தலுக்கும் இடம் தேடி அலைய வேண்டாம். கிழக்குச் சுவர் ஓரம் திண்ணை, எதிரே இரண்டு நாற்காலி. வீட்டின் நிழலே கூரை. மேற்கில் மட்டும் இடம் இருக்கிறது என்றால் காம்பவுண்டின் மேல் ஆறேழு அடி உயரத்துக்குக் கம்பி இழுத்துக் கர்ட்டன் கிரீப்பர் ஏற்றிவிட்டு அதன் அடியில் உட்காருங்கள். அது வளரும் வரை கயிற்றுக் கட்டில்.

பத்து சென்டுக்கு மேல் இருந்து நல்ல மாமரமோ வேம்போ நிற்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், மரத்தடியில் கல் பெஞ்சு. மரமில்லாத புது மனை என்றால் மேற்கு மூலையில் ஒரு புங்கன் வையுங்கள், அதற்குக் கிழக்கே கல்தூண் பந்தல் போடுங்கள். பந்தலில் கொடி ஏற ஓராண்டு, புங்கன் விரிய நாலாண்டு. புங்கன் விரிந்த பிறகு பந்தலின் மேற்குத் திரையை எடுத்துவிட்டால் காற்று தாராளமாக வரும்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைக்காரர்கள் மேலே சொன்னதில் பாதியை மாற்றிக்கொள்ள வேண்டும். ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தையில் காலை எட்டு மணிக்கும் அங்கே வெயில்தான் தேவை, நிழல் இல்லை. கல் பெஞ்சு அந்த மாதங்களில் சில்லென்று குளிரும். மரப் பெஞ்சே நல்லது. மார்கழியில் சூரியன் தெற்குப் பக்கம் சாய்ந்து போவதால் வீட்டின் தென்கிழக்கு மூலையில் இடம் அமைத்தால் காலை வெயில் முழுக்கக் கிடைக்கும். கோடைக்கு மட்டும் ஒரு நிழல்வலையைக் கயிறு கட்டி இழுத்துக்கொள்ளும்படி வைத்தால் போதும். ரோஜா அங்கே நன்றாக வரும் என்பதால் இருக்கையைச் சுற்றி அதையே வைக்கலாம், நடைபாதையிலிருந்து இரண்டடி தள்ளி.

வேலையை எப்போது தொடங்குவது என்றால், கொடியும் கன்றும் ஆடி, ஆவணியில் வைத்தால் வடகிழக்கு மழை வேர் பிடிக்க உதவும். கல் நடுவது, திண்ணை கட்டுவது எல்லாம் மழை விட்ட தை மாதத்தில். மண் அப்போது கெட்டிப்பட்டிருக்கும், கல் தூக்க ஆளும் வண்டியும் மாங்காய் சீசன் தொடங்குவதற்கு முன்னால் சுலபமாகக் கிடைக்கும்.